மாகாணிச் சுற்று

புதுக் கத்தி கூரியரில் வந்து சேர்ந்ததும் எழுகிற முதல் சிக்கல், அந்தப் பார்சலைப் பிரிக்க ஒரு கத்தி வேண்டும் என்பதுதான். என் சின்ன மாமா இதற்கெல்லாம் அசர மாட்டார். பழைய கத்தியை எடுத்து வருவார். அந்தப் பழைய கத்தி வந்த பார்சலை அதற்கும் பழைய கத்தி பிரித்திருக்கும். இப்படியே பின்னோக்கிப் போனால் கடைசியில் அத்தையின் அரிவாள்மணையில் போய் நிற்கும். அந்த ஆதிப் பார்சலை அரிவாள்மணையில் கொடுத்து இழுத்ததில் அட்டையோடு பில்லும் இரண்டாய்ப் போனதை அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மடக்குக்கத்திப் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் நம் நடுவில் நடமாடுகிறது. அடையாளம் காண்பது சுலபம். இடது முன்கையைப் பாருங்கள். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடைக்கு ஒரு முடி இருக்காது. சொறி, படை என்று பயப்பட வேண்டாம், கூர் பார்ப்பதற்காக மழித்த இடம் அது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வலது கட்டைவிரல் எதையோ தள்ளித் திறப்பதுபோல் அசைந்துகொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் எங்கேயோ ஒரு மூலையிலிருந்து “யார்கிட்டயாவது கத்தி இருக்கா?” என்று குரல் வந்தால் போதும், சாதத்தில் குழி பறித்துவிட்டு ரசத்துக்காகக் காத்திருக்கும் மனிதர்கூட இலையை விட்டு எழுந்துவிடுவார். ஆறு மாதம் இடுப்பில் சுமந்தது அந்த ஒரு குரலுக்காகத்தான்.

மாமா அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன மடக்குக்கத்திக்கு, இறகுப் பேனா சீவுவதற்கு வந்ததால் பேனாக்கத்தி என்று பெயர் வந்ததாம். மாமா தன் காலத்தில் பேனாவால் மட்டுமே பிழைத்தவர், கத்தியின் பக்கம் போனதில்லை. பள்ளிக்கூடத்தில் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அரை பிளேடு வைத்திருந்ததும், அதால் பென்சிலோடு விரலையும் சீவிக்கொண்டதும்தான் முன் அனுபவம். ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த ஆசை வெளியே வந்தது.

முதலில் வந்தது சிவப்புக் கைப்பிடி போட்ட சுவிஸ் கத்தி. துபாயிலிருந்து அத்தையின் தம்பி அனுப்பியது. ஒரே வாரத்தில் அதன் குலவரலாறு முழுக்க மாமாவுக்கு மனப்பாடம். கார்ல் எல்ஸ்னர் என்பவர் 1884-இல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டது, 1891-இல் ராணுவச் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தது, 1897-இல் அதிகாரிகளுக்கென்று கார்க் திருகியும் சேர்த்து ஒன்று செய்தது என்று சொந்த மாமனார் கதைபோல் சொல்வார். மாமா வீட்டில் கார்க் வைத்த புட்டி எதுவும் கிடையாது. அதனால் அந்தத் திருகி அரிசி மூட்டை முடிச்சு அவிழ்க்கும் வேலைக்கு மாறியது. அதைக்கூட நன்றாகவே செய்தது.

“1909-ல அவங்கம்மா போயிட்டாங்க. அந்தம்மா பேரு விக்டோரியா. அந்தப் பேரைத்தான் கத்திக்கு வச்சான். அப்புறம் துருப்பிடிக்காத இரும்பு வந்ததும் 1921-ல இனாக்ஸைச் சேத்துக்கிட்டான். விக்டோரினாக்ஸ்! அம்மா மேல எவ்வளவு பாசம் பாரு.”

“பொண்டாட்டி பேரை எதுக்கு வச்சானாம்?” என்றார் அத்தை, கீரையிலிருந்து தலை தூக்காமல்.

அது பற்றிய தகவல் மாமாவிடம் இல்லை.

அந்தக் கத்தியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அதன் குறை. எல்லாம் ரிவெட் அடித்து மூடியிருந்தது. திருக ஓர் ஆணி இல்லை, இறுக்க ஒரு மரை இல்லை. காலையில் திறந்தாலும் ராத்திரி திறந்தாலும் ஒரேமாதிரி திறந்தது. குறையில்லாத மாப்பிள்ளையிடம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? மூன்று மாதத்தில் அது பீரோவுக்குள் போய், வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

அடுத்தது ஓப்பினெல். பிரான்சில் சவாய் மலைப்பக்கம் ஜோசப் ஓப்பினெல் என்பவர் 1890-இல் செய்யத் தொடங்கிய விவசாயிக் கத்தி. பீச் மரக் கைப்பிடி, ஒரே ஓர் அலகு, 1955-இல் கழுத்துக்கு ஒரு பூட்டு வளையம். அவ்வளவுதான். மாமா வாங்கியது எட்டாம் நம்பர், எட்டரை சென்டிமீட்டர் அலகு. ஆல்ப்ஸ் மலைக் காற்றில் வளர்ந்த கைப்பிடிக்கு மடிப்பாக்கத்து ஐப்பசி மழை ஒத்துக்கொள்ளவில்லை. மரம் உப்பி அலகைக் கவ்விக்கொண்டது. நகத்தால் இழுத்தால் நகம்தான் வந்தது. இதற்கு அந்த ஊர்க்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கைப்பிடியின் பின்முனையை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு மூக்கை வெளியே நீட்டும். மாமா தரையில் தட்டினார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, “பூஜையா? தேங்காய் உடையலியா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். சித்திரையில் அதே கைப்பிடி சுருங்கி, கத்தியைக் கவிழ்த்தாலே அலகு தானாக எட்டிப்பார்த்தது. பஞ்சாங்கம் இல்லாமல் மாதம் சொல்லும் கத்தியாக அது இருந்தது.

அந்த அலகு கார்பன் இரும்பு. எலுமிச்சம்பழம் நறுக்கினால் கறுக்கும், மாங்காய் நறுக்கினால் நீலம் பாயும். அப்படிக் கறுத்துக் கறுத்து ஒரு படலம் பிடித்துவிட்டால் துரு அவ்வளவு சீக்கிரம் அண்டாது. அந்தப் படலத்துக்காக மாமா ஆறு மாதம் பழமாக நறுக்கினார். சாம்பலும் நீலமுமாக, மயில் கழுத்து மாதிரி ஒரு நிறம் வந்திருந்தது. ஊரிலிருந்து விருந்தாளி வருகிறார்கள் என்று அத்தை ஒருநாள் நல்ல எண்ணத்தோடு அதை எடுத்துச் சபீனா போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

இப்போது வந்திருப்பது மூன்றாவது கத்தி. இதற்கு ஸ்க்ரூ இருக்கிறது!

மாமாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. உள்ளே இரண்டு எஃகுத் தகடு, அவற்றுக்கு நடுவே அலகு, அலகின் இரு பக்கமும் பாஸ்பர் வெண்கலத்தில் கண்ணாடித்தாள்போல் மெல்லிய வாஷர்கள், எல்லாவற்றையும் கோத்து ஓர் அச்சு. அலகைத் திறந்தால் உள்தகட்டின் நாக்கு வளைந்து வந்து அதன் அடிமுனையில் முட்டுக் கொடுக்கும். அப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் சரியில்லை என்று மாமாவுக்கு முதல் நாளே பட்டுவிட்டது.

அச்சின் ஸ்க்ரூவுக்கு ஆறு முனை நட்சத்திரத் தலை. மடிப்பாக்கத்து ஹார்டுவேர் கடையில் அதற்குத் திருப்புளி இல்லை. பஸ் பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனோம். “மொபைல் செட்டா சார்?” என்றான் கடைப் பையன். “கத்தி” என்றார் மாமா. பையன் என்னைப் பார்த்தான். நான் பக்கத்துக் கடையில் தொங்கிய சார்ஜர் ஒயர்களைப் பார்த்தேன். அச்சுக்கு டி8, உடம்புக்கு டி6 என்று இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

அன்றிலிருந்து தினமும் நடப்பது இதுதான். ஸ்க்ரூவை இறுக்கினால் அலகைத் திறக்க இரண்டு கையும் போதாது. தளர்த்தினால் ஒரு விரலுக்கே சல்லென்று திறக்கும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். ஆட்டம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. காதுக்குப் பக்கத்தில் வைத்து அசைத்தால் மாமாவுக்கு மட்டும் தெரியும். போதாக்குறைக்கு மடக்கிய நிலையில் அலகு இரண்டு தகட்டுக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டுமாம். இடது பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து உச்சுக் கொட்டுவார்.

“மாப்ளே, அரைக்கால் சுற்று இறுக்குறேன். இப்ப பாரு.”

“நல்லா இருக்கு மாமா.”

“இல்லை, கனமா இருக்கு. ஒரு மாகாணி தளத்துறேன்.”

கால் என்றால் 1/4, அரைக்கால் 1/8, மாகாணி 1/16, அப்படியே இறங்கிப் போனால் முந்திரி 1/320. கீழ்வாயிலக்கம் என்று நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடித்து மனப்பாடம் செய்யவைத்த கணக்கு. இவ்வளவு நுணுக்கமாய் எதை அளந்திருப்பார்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். மாமா திருப்புளியைப் பிடித்த பிடியைப் பார்த்தபோது ஒருவாறு விளங்கியது. கணக்குப் பிரிவில் மூன்று பைசா இடித்ததற்காக மூன்று ராத்திரி உட்கார்ந்த மனிதர் அவர். கை சும்மா இருக்குமா?

பாடுபட்டு வைத்த சுற்று நாலு நாளில் தானாகத் தளர்ந்துவிடும். மரையில் பசை வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் போதும் என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் பேத்தியின் நெயில் பாலிஷ்தான் இருந்தது. ரோஜா நிறம், உள்ளே ஜிகினா. வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேத்தி மட்டும் ஒரு வாரம் தாத்தாவோடு பேசவில்லை.

ஒருநாள் முழுசாகவே பிரித்துவிட்டார். பழைய ஹிந்து பேப்பரை விரித்து, பாகங்களைக் கழற்றிய வரிசையில் அடுக்கி, தையல் மெஷின் எண்ணெயைக் குண்டூசி நுனியில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது மின்விசிறியை யாரோ போட்டார்கள். அந்த யாரோ நான்தான். வாஷர் ஒன்று பறந்துவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்து வைத்திருந்த காந்தத்தை எடுத்து வந்து, முட்டி போட்டு, கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். முக்கால் மணி நேரத்தில் மூன்று ஊக்கு, இரண்டு ஹேர்பின், ஏழெட்டுக் குண்டூசி, இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த பீரோ சாவி எல்லாம் வந்தன. வாஷர் வரவில்லை. பாஸ்பர் வெண்கலம் காந்தத்தில் ஒட்டாது என்பது பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொன்ன பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. (அவள் பேச ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.) கடைசியில் மாமா எழுந்து நின்று வேட்டியைத் தூக்கிக் கட்டியபோது, எண்ணெய்ப் பிசுக்கில் அது அவருடைய இடது முட்டியில் பொட்டுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பீரோ சாவி கிடைத்ததால் அத்தைக்கு அந்தக் கத்தியின்மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதைதான் ஆயுத பூஜையில் வினையாயிற்று. அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, தையல் மெஷின், என் ஸ்கூட்டர் சாவி வரிசையில் மாமாவின் கத்தியையும் எடுத்து வைத்து, அத்தை தாராளமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார். பூசிய இடம் அச்சு ஸ்க்ரூவின் தலை. அன்று முழுக்க ஆயுதத்தைத் தொடக்கூடாது. மாமா சாமி கும்பிடும்போதெல்லாம் ஒரு கண் சந்தனத்தின் மேலேயே இருந்தது. மறுநாள் காலையில் அது காய்ந்து சுண்ணாம்பாகி, நட்சத்திரக் குழியை அடைத்திருந்தது. அலகைத் திறந்தால் நரநரவென்று மணல் அரைபடும் சத்தம். பல் குத்தும் குச்சியால் தோண்டித் தோண்டி மதியம் வரைக்கும் எடுத்தார். வாசனை தீபாவளி வரை இருந்தது.

இப்படிச் சரிசெய்த கத்தியை நாலு பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டாமா? அங்கேயும் இடைஞ்சல். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அதனால் மாமா கத்தியைத் தரையில் வைப்பார், வந்தவர் குனிந்து எடுப்பார், திறக்கத் தெரியாமல் தரையில் வைப்பார், மாமா குனிந்து எடுத்துத் திறந்து காட்டி மறுபடி தரையில் வைப்பார். வந்தவருக்கு முதுகுவலி இருந்தால் நாலு சுற்றில் கிளம்பிவிடுவார். கூர் காட்டுவதற்குச் செய்தித்தாளைத் தொங்கவிட்டு நாடா நாடாவாய்ச் சீவுவார். அத்தை ராசிபலன் பார்ப்பதற்கு முன்பா பின்பா என்று மட்டும் கேட்டுக்கொள்வது நல்லது. கூர் குறைந்தால் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகு ஏறாத சொரசொர வளையத்தில் தீட்டி, பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு இழுப்பார். தெருவில் சைக்கிள் மிதித்துச் சாணை பிடிப்பவர் ஒருநாள் “குடுங்க பெரியவரே, பதினஞ்சு ரூபாதான்” என்று கேட்டதை மாமா பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார்.

போன மாசி மாதம் மதுரையில் ஒரு விசேஷம். நானும் மாமாவும் வைகை எக்ஸ்பிரஸில் போனோம். விருத்தாசலத்தில் வெள்ளரிப்பிஞ்சுக்காரர் ஏறினார். கூடை, ஈரத்துணி, டப்பாவில் உப்பும் மிளகாய்த்தூளும். கையில் ஒரு கத்தி. ஆக்ஸா பிளேடை உடைத்துத் தேய்த்துக் கூர் ஏற்றி, பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். பிஞ்சை நிமிர்த்திப் பிடித்து இரண்டு இழுப்பு. அடியில் ஒட்டிக்கொண்டிருக்க, மேலே நாலாய் விரிந்து பூப்போல் நின்றது.

“எனக்கு வெட்டாம குடுங்க” என்றார் மாமா.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாமா இடுப்புப் பையைத் திறந்தார். ‘டக்.’ எதிர் சீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து விழித்தது. பிஞ்சை நிமிர்த்திப் பிடித்து அலகை இறக்கினார். இந்த மாதிரிக் கத்திகளுக்கு முதுகு தடிமன். நறுக்கிக்கொண்டே போக வேண்டிய அலகு பாதி வழியில் ஆப்பாகிவிடும். பிஞ்சு படீரென்று பிளந்து, ஒரு பாதி மாமாவின் கையிலும் மறுபாதி சீட்டுக்கு அடியிலுமாகப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளரிக்காரர் சிரிக்கவில்லை. “அதைக் கொஞ்சம் காட்டுங்க சார்” என்றார். மாமா நீட்டினார். “கையில வேணாம், கூடை மேல வைங்க.” வைத்தார். அவர் எடுத்து, மடக்கி, திறந்து, அலகின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்தார். காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி அசைத்தார்.

“லேசா ஆடுது சார்.”

ஒரு வருடமாக இந்த வார்த்தையைச் சொல்ல ஓர் ஆளில்லாமல் இருந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நான் சொன்னேன்ல மாப்ளே?” என்றார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டு, பையிலிருந்து டி8-ஐ எடுத்தார்.

அரியலூர் வந்தது. வெள்ளரிக்காரர் இறங்கவில்லை.