போற வழிதானே

எங்கள் விம்கோ நகரில் ஒரு மனிதன் சும்மா நடந்து போக முடியாது. நாலு பேர் வண்டியை நிறுத்தி, "இன்னா சார், வண்டி ரிப்பேரா?" என்று கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ஊர் அப்படி. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டுக் குழந்தைகள் ஊதுகிற பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயராக உருண்டது. என்ஃபீல்டு கம்பெனி புல்லட்டைப் பூட்டி அனுப்பியதும் இங்கிருந்துதான். கொஞ்சம் வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். பாதி நாட்டைச் சக்கரத்தில் ஏற்றிவிட்ட ஊரில் ஒருவன் செருப்புக் காலோடு நடந்தால், முப்பது வருஷம் ஷிப்டு பார்த்து ரிடையரானவர்கள் அதைத் தங்கள் உழைப்புக்குச் செய்த அவமரியாதையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கஷ்டம்னா சொல்லு தம்பி, டி.வி.எஸ். ஃபிஃப்டி சும்மாதான் நிக்குது" என்றார்.

கஷ்டம் பணத்தில் இல்லை, ரத்தத்தில். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். பையன் ஷூ வாங்கி அனுப்பினான். போனில் அடி எண்ணுகிற ஏதோ ஒன்றையும் போட்டுக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் விம்கோ நகரிலிருந்து ராயபுரம் வரை நடப்பேன், தனிமையில் சிந்திப்பேன், நகரத்தின் ஆன்மாவைத் தரிசிப்பேன் என்று வீட்டில் அறிவித்தேன். ஆன்மா விஷயத்தை என் மனைவி கண்டுகொள்ளவில்லை. "ராயபுரம் வரைக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் மஞ்சப்பையோடு வந்தாள். "காலடிப்பேட்டை டெய்லர்கிட்ட இந்த ரவிக்கைத் துணிய குடுத்துடுங்க. போற வழிதானே."

அன்றோடு தனிமை போயிற்று. அடுத்த வாரம் தண்டையார்பேட்டையில் இருக்கும் அவள் சித்திக்கு மாவடு. அதற்கடுத்து மாடி வீட்டம்மாவின் பேத்திக்கு நாட்டு மருந்துக் கடையில் வசம்பு. ஒன்பது கிலோமீட்டர் மெட்ரோவை 2021 பிப்ரவரியில் எங்கள் ஊர் வரை நீட்டிவிட்டார்கள். தலைக்கு மேல் ரயில் போகிறது. அந்தப் பாலத்தின் நிழலில் தூணுக்குத் தூண் நான் பார்சல் சுமந்து போகிறேன்.

காலடிப்பேட்டை என்றதும் ஒரு குமாஸ்தாவைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது. அவரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதராஜரைச் சேவித்துவிட்டு வருவாராம், ஆபீசுக்கு லேட். விசாரித்த கவர்னர், இத்தனை தூரம் போவானேன் என்று இங்கேயே கல்யாண வரதராஜருக்குக் கோயில் எடுத்துக் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். நானும் குமாஸ்தாவாக இருந்தவன், நானும் லேட்டாகப் போனவன். எனக்குக் கிடைத்தது அரைநாள் லீவு வெட்டு. கோயில் கட்டுகிற அதிகாரி அந்த ஒருவரோடு சரி.

டெய்லருக்கு அந்தக் கோயில் பக்கத்துச் சந்தில் கடை. முதல் நாள் துணியை வாங்கிக்கொண்டு, "அளவு ரவிக்கை எங்க சார்?" என்றார். விழித்தேன். அவரே என் போனை வாங்கி வீட்டுக்கு அடித்தார். "அக்கா, சார் வெறுங்கையோட வந்து நிக்கிறாரு" என்று ஆரம்பித்தவர் பத்து நிமிஷம் பேசினார். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், அவர் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், எல்லாம் என் போனில், என் காசில். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுக்கும் பையனை வேடிக்கை பார்த்தேன்.

சில நாள் கடலோரமாக எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் திரும்புவேன். ஒரு பக்கம் கரையை அலை தின்னாமல் இருக்கக் கொட்டிய கருங்கல். அதன்மேல் வலையை விரித்துப் போட்டு, கால் கட்டைவிரலில் ஒரு கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலை முடிகிற மீனவர்கள். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போக வேண்டிய நாற்பதடி கன்டெய்னர்கள், ஒன்றன் பின் ஒன்றாக. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்த ஒரு நாமக்கல் லாரியை ஞாயிறு காலையிலும் பார்த்தேன். இதற்குள் நான் வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, ராயபுரம் வரை போய்விட்டு வந்திருந்தேன். அது கூப்பிடு தூரம்தான் நகர்ந்திருந்தது. பதினாலோ பதினெட்டோ சக்கரம் வைத்த வண்டியை நான் முந்தியது அன்றுதான். டிரைவர் டிரெய்லரின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து அடுப்பு மூட்டிக் கருவாட்டுக் குழம்புக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார். "அண்ணா, திரும்பி வர்றப்ப நாலு பச்சமொளகா வாங்கிட்டு வர்றீங்களா? போற வழிதானுங்க." இந்த வாசகம் என் முகத்தில் எழுதியிருக்கிறது போலும்.

தேரடிக்கு வருகிறேன். ராமலிங்க வள்ளலார் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் இருந்த காலத்தில் அங்கிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வந்து வடிவுடையம்மனைத் தொழுதுவிட்டுத் திரும்புவார். இந்த ஊர் கண்ட நடைக்காரர்களில் தலையாயவர். தேரடி வீதியில் அப்போது ஒரு நிர்வாணச் சாமியார் உட்கார்ந்திருப்பாராம். போகிறவர்களைப் பார்த்து மாடு போகிறது, நாய் போகிறது, கழுதை போகிறது என்பார். வள்ளலாரைக் கண்ட அன்றுதான் மனிதன் போகிறான் என்றாராம். இப்போது அந்தத் தேரடியில் மெட்ரோ ஸ்டேஷன். அதன் கீழே ஒரு கையில் சம்படம், ஒரு கையில் வாழையிலைக் கட்டு, தோளில் மஞ்சப்பையோடு நான் கடக்கும்போது அந்தச் சாமியார் இருந்தால் யோசிக்கவே மாட்டார். பொதி சுமக்கிற பிராணியின் பெயர் ஏற்கெனவே அவர் பட்டியலில் இருக்கிறது.

வள்ளலார் ஓரிரவு திரும்ப நேரமாகி, கதவு சாத்தியிருக்க, எழுப்ப மனமில்லாமல் திண்ணையில் பசியோடு படுத்துவிட்டார். அம்மனே அண்ணி உருவில் வந்து சோறு போட்டாள் என்பது வரலாறு. எனக்கு எத்தனை மணியானாலும் கதவு திறந்துதான் இருக்கும். சங்கடமே அதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் வழியில் ஒரு அத்தோ வண்டி. அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்த பண்டம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணி, எல்லாவற்றையும் ஏனத்தில் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். சூப் உடம்புக்கு நல்லது என்பதால் ஆரம்பித்தேன். மேலே நொறுக்கிப் போடுகிற தட்டையைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. வாயைத் துடைத்து, ஒரு ஏலக்காயைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், "அவிச்ச முட்டையும் ஒண்ணு வெட்டினீங்களாமே" என்பாள். ஸ்வீடன்காரர்கள் 1923-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய ஊர் இது. சேதி பற்றிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

"யார் சொன்னது?" என்றால் சுந்தரர் கதையைச் சொல்வாள். மாசி மாதம் மகிழடி சேவைக்கு என்னைக் கூட்டிப் போய் அதே கதையை வருஷா வருஷம் புதுசாகச் சொல்கிறவள். திருவாரூரில் பரவையார் இருக்க, இங்கே சங்கிலியாரைக் கட்டிக்கொள்ள வந்தார் சுந்தரர். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சாமி, அந்த நேரத்துக்கு மட்டும் சன்னதியை விட்டு மகிழமரத்துக்குப் போய்விடு என்று சிவனிடம் ஏற்பாடு செய்துகொண்டார். சிவன் சரி என்று தலையாட்டிவிட்டு, சத்தியத்தை மகிழமரத்தடியில் கேள் என்று பெண்ணின் கனவில் போய்ச் சொல்லிவிட்டார். கடவுளே பெண் வீட்டாருக்குத் துப்புக் கொடுத்த ஊரில் அத்தோ வண்டிக்காரர் கொடுக்கமாட்டாரா?

மீதிக் கதை ஊரறிந்தது. சத்தியத்தை மீறி எல்லையைத் தாண்டினார், கண் போயிற்று. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். என் பத்தாயிரம் அடியெல்லாம் அந்த நடைக்கு முன்னால் வாசலுக்கும் திண்ணைக்கும் காணாது. டோல்கேட் தாண்டும்போது மட்டும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வதுண்டு.

போன மாதம் அவளும் வருகிறேன் என்றாள். அறிமுகம் செய்துவைக்கலாம் என்று பெருமையாகக் கிளம்பினேன். டோல்கேட் பூக்கார அம்மா, "வா கண்ணு, முட்டிவலி தேவலையா?" என்று அவளைத்தான் கேட்டாள். ஸ்டேஷன் பக்கத்து மீன்காரம்மா, நான் இத்தனை நாள் பேரம் பேசித் தோற்ற நெத்திலியை, "உனக்கு இல்லாததா" என்று அவளுக்கு அள்ளிப் போட்டாள். முதல் ரயில் கிளம்பிய 1856-ஐப் பற்றி ராயபுரம் ஸ்டேஷன் தூண்களைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வாட்ச்மேனிடம் அவர் பெண்ணின் பிரசவத்தை விசாரித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் அத்தனை பேர் நம்பரும் அவளிடம் இருக்கிறது. என்னிடம் டெய்லர் நம்பர்கூட இல்லை.

டெய்லர் பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்து, போன வாரம் பத்திரிகை வைக்க வீட்டுக்கே வந்தார். மஞ்சள் தடவிய கவரில் என் மனைவியின் பெயர், கீழே 'குடும்பத்துடன்'. நான் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். "மொய்க் கவர்ல உங்க பேரையே எழுதிக்குங்க" என்றாள், பெரிய மனசோடு.