மடை மாத்தறதும் லைன் மாத்தறதும்

வா அம்மிணி, உக்காரு. கார்மெண்ட்ஸ் ஆபீஸ்ல போன் எடுக்கற வேலையாமா உனக்கு? ஏசி காத்து, சுத்தற சேரு. வெயில்ல மாடு மேய்ச்ச வம்சத்துல நீயொருத்தியாச்சும் சுத்தற சேருல உக்காந்தியே, சந்தோசம். ஆனா ஒண்ணு. சேருதான் சுத்தோணும், போன் பண்றவனைச் சுத்த வுடப்படாது.

எதுக்குச் சொல்றேன்னா, போன மாசம் நானே சுத்தினேன். மக்காச்சோளம் லோடு எறக்கின பணம் வரலைன்னு ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். பேரு எதுக்கு, நல்லா இருக்கட்டும். ஒரு புள்ளை "ஒரு நிமிசங்க"ன்னு அக்கவுண்ட்ஸுக்குத் தள்ளுச்சு. அவன் ஸ்டோருக்குத் தள்ளினான். ஸ்டோருக்காரன் எடைமேடைக்குத் தள்ளினான். நடுவுல நடுவுல பாட்டு வேற. கடைசில எடுத்தது கேட்டு வாட்ச்மேன். "உள்ள யாரைப் பாக்கோணுங்க?"ன்னான். "நான் அரை மணி நேரமா உள்ளதானப்பா சுத்தறேன், வெளிய போற வழியச் சொல்லு"ன்னேன்.

நம்ம வாய்க்காலைப் பாரு. திருமூர்த்தி டேம்ல இருந்து வர்ற பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணி, அதான் பிஏபி, 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கரை 4 மண்டலமாப் பிரிச்சு, முறை வெச்சுப் பாயுது. நம்ம முறை வந்தா ராத்திரியானாலும் மடை மாத்தோணும். மாத்தறவன் மம்முட்டியப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிர மாட்டான். அடுத்த பாத்தில தண்ணி ஏறுச்சான்னு நின்னு பாத்துட்டுத்தான் போவான்.

போனும் அதேதான். ஃப்ளாஷ் பட்டனை ஒரு தட்டுத் தட்டு. கூப்புட்டவருக்குப் பாட்டு ஓடும். எக்ஸ்டென்ஷன் நம்பரைப் போடு. இங்கதான் நெறையாப் பேரு டப்புன்னு ரிசீவரை வெச்சுட்டு டீக் குடிக்கப் போயிர்றது. நீ இரு. அந்தப் பக்கம் எடுக்கட்டும். "பல்லடத்துல இருந்து டையிங்காரருங்க, கலர் மாறிப்போன ரோலு சமாச்சாரமுங்க"ன்னு ரெண்டு வார்த்தை சொல்லு. அவரு "சரி, குடு"ன்னாத்தான் கீழ வை. எடுக்கலையா? மறுக்கா ஃப்ளாஷைத் தட்டி, "சீட்ல இல்லீங்க, உங்க நம்பரைச் சொல்லுங்க, கூப்புடச் சொல்றேனுங்க"ன்னு சொல்லிப்போடு. அந்த "ங்க"வ மட்டும் வுட்டுறாத. அதுக்கு ஜிஎஸ்டி கெடையாது.

நிட்டிங்ல இருந்து டையிங்குக்கு ரோலு போறப்ப டெலிவரி சலான், அதான் டிசி, இல்லாம அனுப்புவீங்களா? எத்தனை ரோலு, எத்தனை கிலோ, என்ன டயா, என்ன ஜிஎஸ்எம்முன்னு எழுதித்தான வண்டி ஏத்தறீங்க. துணிக்கு இருக்கற மருவாதி மனுசனுக்கு வேண்டாமா?

சிரிக்காத. லைனைத் தப்பாத் திருப்பின கதை ஒண்ணு கேளு. அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டில ஸ்ட்ரோஜர்னு ஒருத்தன். சவ அடக்கம் பண்ணிக் குடுக்கறது அவன் தொழில். எக்ஸ்சேஞ்சுல லைன் குடுக்கற அம்மா, இவனுக்கு வர்ற போனையெல்லாம் தன்ற வூட்டுக்காரனுக்கே திருப்பி வுட்டுச்சாம். அவனும் அதே தொழிலாம். அந்தக் கதை மெய்யோ பொய்யோ, ஆளே இல்லாம லைன் குடுக்கற மெஷினுக்கு ஸ்ட்ரோஜர் 1891ல பேட்டண்ட் வாங்கினது மெய். மறு வருசமே லா போர்ட்டுங்கற ஊர்ல அந்த மெஷின் எக்ஸ்சேஞ்சு ஓட ஆரம்பிச்சிருச்சு.

லைனைக் கண்டபடி திருப்பினா என்னாகுமுன்னு இப்பப் புரியுதா? கோவத்துல எவனாச்சும் மெஷினைச் செஞ்சு நட்டு வெச்சுருவான். இப்பவே "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்"னு ஒருத்தி பேசறா. அவ சம்பளமும் கேக்கறதில்லை, நோம்பிக்கு லீவும் கேக்கறதில்லை. அவளுக்கு உன்ர சேரு மேலதான் கண்ணு.

என்ன கேட்ட? கண்ணாஸ்பத்திரிக்கு எப்பக் கெளம்பறேன்னா? அது என்ர டிபார்ட்மெண்டு இல்லை சாமி. இரு, உன்ர அம்மாயிக்கு மாத்தி வுடறேன்.

ஏ புள்ள! அம்மிணி வந்திருக்கறா. எடது கண்ணுப் பொரை ஆபரேசன் சமாச்சாரம். நாளைக்கே போலாங்கறா. நீயே ஏதாச்சும் சொல்லி அனுப்பு.

பாத்துக்க அம்மிணி, அப்புச்சி டிசி போட்டுத்தான் அனுப்பியிருக்கறேன்.