செலவழுங்கல்: மசாய் மாரா பயணத் திட்டம் குறித்த ஓர் ஆய்வு

சிங்கத்தைப் பற்றி ஆயிரம் நூல்கள் உண்டு. சிங்கத்தைப் பார்க்கப் போகலாமா என்று ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் கூடிப் பேசுவதைப் பற்றி ஒரு நூலும் இல்லை. விலங்கியலார் இதைத் தங்கள் துறை அன்று என்பர். பொருளியலார் சிரித்துவிட்டுப் போவர். இக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை கருதி, கென்யாவின் நாரோக் மாவட்டத்தில் 1,510 சதுர கிலோமீட்டரில் விரிந்துள்ள மசாய் மாரா காப்பகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தெற்கே எல்லை தாண்டினால் தான்சானியாவின் செரெங்கெட்டி. அதன் பரப்பு இதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அதற்கு வேறொருவர் முனைவர் பட்டம் வாங்கட்டும்.

இவ்வாய்வுக்கு மேலைநாட்டு முறைகள் உதவவில்லை. பொருளதிகாரம் உதவியது. சவன்னா என்பது புல்வெளியும் இடையிடையே மரமும். அங்குள்ள மசாய் மக்களோ மாடு மேய்ப்பவர்கள். காடும் காடு சார்ந்த இடமும் அங்கே ஆயரும் என்றால் அது முல்லை என்பதில் ஐயமில்லை. மழை பொய்த்தால் முல்லை தன் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதை இளங்கோவடிகள் காலத்திலிருந்தே நாம் அறிவோம். செரெங்கெட்டியின் தென்புறச் சமவெளியில் மழை நின்று புல் காய்ந்ததும் லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் வரிக்குதிரைகளோடு சேர்ந்து வடக்கே கிளம்புகின்றன. பாலைக்கு உரிய பிரிதல் அங்கே ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது. பிரிபவர் பொருள் தேடி அல்லாமல் புல் தேடிப் போகிறார் என்பது மட்டுமே வேறுபாடு.

முதலில் முதற்பொருள். நிலம் சொன்னோம், பொழுது சொல்ல வேண்டும். விலங்குக் கூட்டம் மாராவில் இருப்பது ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை. தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அப்போது அங்கே நீண்ட மழைக்காலம். மாராவின் மண் பெரும்பகுதி கரிசல். கோவில்பட்டிக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: மழை பெய்த கரிசலில் இறங்கிய வண்டி, அடுத்த வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை அங்கேயே இருக்கும். ஆக, கோடை விடுமுறைக்கும் வில்டபீஸ்டுக்கும் பொருத்தம் இல்லை. இரண்டும் ஒத்துப்போவது செப்டம்பர் கடைசியில், காலாண்டுத் தேர்வு முடிந்த சில நாட்களில்தான். இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுவே. இதற்காக யாரும் இதுவரை விருது தரவில்லை.

இனி செலவு. வெளிநாட்டுப் பயணியான பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் முடிய 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் முடிய 200 டாலர் என்று 2024இல் ஆயிற்று. ஜூன் 30 இரவுக்கும் ஜூலை 1 காலைக்கும் இடையே புல் அங்குலம்கூட வளர்வதில்லை; கட்டணம் மட்டும் இரு மடங்காக வளர்கிறது. அதுவும் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் செல்லும். கணவன், மனைவி, மூன்று நாள் என்று கணக்கிட்டால் வாசலைத் தாண்டுவதற்கே 1,200 டாலர். தங்குமிடம், வண்டி, விமானம் எல்லாம் இனிமேல்தான். இந்த இடத்தில் குடும்பத் தலைவர் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்பார். இலக்கணம் இதைச் செலவழுங்கல் என்கிறது. புறப்பட நினைத்த தலைவன் தயங்கி நிற்பது போகாமல் இருப்பதற்கு அன்று, தலைவியைத் தேற்றிவிட்டுப் போவதற்கே என்று தொல்காப்பியர் தெளிவாக்கியிருக்கிறார். இங்கே தேற்றப்பட வேண்டியது வங்கிக் கணக்கு. தலைவி எப்போதோ பெட்டியை எடுத்து வைத்துவிட்டார்.

பெட்டியைப் பற்றித் தனி இயலே எழுதலாம். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் ஒருவர் 15 கிலோவே கொண்டுபோகலாம். அதுவும் மடங்கும் துணிப்பையில். சக்கரம் வைத்த பெட்டி ஆகாது. 15 கிலோவில் பருப்புப்பொடி, ஊறுகாய், முறுக்கு போக மிஞ்சுவதில்தான் உடை. பொடியைப் பாலிதீன் பையில் கட்டி எடைகுறைக்கலாமே எனின், கூடாது: கென்யா 2017 ஆகஸ்டில் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது, 2020 ஜூனிலிருந்து காப்பகங்களுக்குள் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கூடாது. ஆகவே எவர்சில்வர் டப்பா. ஆகவே மேலும் எடை. ஆகவே கணவரின் ஸ்வெட்டர் வெளியே எடுக்கப்படுகிறது. மாரா 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதையும், திறந்த வண்டியில் விடியற்காலை எப்படிக் குளிரும் என்பதையும் அவர் அங்கே போய் அறிந்துகொள்வார். 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போன தியோடர் ரூஸ்வெல்ட், பன்றித் தோலில் அட்டை கட்டிய ஒரு சிறு நூலகத்தையே கூடக் கொண்டுபோனார். அவருக்குச் சுமையாட்கள் இருந்தார்கள். எடைபார்க்கும் கவுண்டர் இல்லை.

உடையின் நிறம் பற்றியும் ஒரு சொல். நீலமும் கறுப்பும் செட்சி ஈயை இழுக்கும். அந்த ஈயைப் பிடிக்கும் பொறிகளையே நீலத் துணியிலும் கறுப்புத் துணியிலும்தான் தைக்கிறார்கள். ஜீன்ஸ் போட்டுப் போகிறவர் பொறியைப் போட்டுக்கொண்டு போகிறார் என்க.

கருப்பொருளில் தலையானது விலங்கு. யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவற்றைப் ‘பெரிய ஐவர்’ என்று கூட்டுவது வேட்டைக்காரர் வழக்கு. நடந்துபோய்ச் சுடுவதற்கு அரியவை, ஆபத்தானவை என்பதே தகுதி. ஒட்டகச்சிவிங்கி எவ்வளவு உயர்ந்தும் இதில் இடம்பெறவில்லை. கென்யா 1977இல் வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி போயிற்று, பட்டியல் இருக்கிறது. குடும்பங்கள் அதை வகுப்பு வருகைப் பதிவேடு போல மடியில் வைத்துக்கொண்டு, வராத காண்டாமிருகத்துக்காக ஓட்டுநரைக் கோபித்துக்கொள்கின்றன. எதிரே அழகான சிவிங்கிப்புலி மூன்று குட்டியோடு போனாலும், “அது லிஸ்டுல இல்லப்பா.” இந்தப் பட்டியலைக் கிழித்தெறிந்தாலே பயணம் பாதி தேறும் என்பது என் துணிபு.

உரிப்பொருள் இருத்தல். முல்லைத் தலைவி கார்காலத்தை எதிர்பார்த்து ஆற்றியிருப்பதைப் போலவே பயணியும் ஆற்றியிருக்க வேண்டும். சிங்கம் நாளில் 20 மணி நேரம்வரை படுத்துக் கிடக்கும். மிஞ்சும் நான்கில் பெரும்பகுதி இரவு. இரவிலோ வாயில் பூட்டியிருக்கும். ஆக நாம் 200 டாலர் கட்டுவது பெரும்பாலும் சிங்கத்தின் தூக்கத்துக்கு. மாரா ஆற்றங்கரையில் இது இன்னும் கடுமை. வில்டபீஸ்ட் கூட்டம் கரைக்கு வரும், தண்ணீரைப் பார்க்கும், நிற்கும். மணிக்கணக்கில் நிற்கும். முன்னே நிற்கும் ஒரு வரிக்குதிரை எதற்கோ மிரண்டால் அத்தனையும் திரும்பி ஓடும். முதலைகூட இவ்வளவு பொறுமை காட்டுகிறது. நமக்குத்தான் ஒரு மணிக்குச் சாப்பாடு. சாப்பிடப் போன பிறகு கூட்டம் ஆற்றில் இறங்கிற்று என்று வண்டி ரேடியோவில் சுவாஹிலியில் செய்தி வரும். அது நெய்தல், இரங்கல். கூரைத் திறப்பில் யார் நிற்பது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் நடப்பது மருதம், ஊடல். குறிஞ்சிக்கு உரிய கூடலுக்கு இடமில்லை: ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆகஸ்டில் அந்த விதி படும் பாடு வேறு கதை.

இத்தனை திட்டம் எதற்கு, கால் போன போக்கில் போகலாமே என்பாரும் உளர். ஜூலை, ஆகஸ்டில் நல்ல தங்குமிடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும் என்பதே அவர்க்கு விடை.

இத்துறையில் ஐயத்துக்கு இடமில்லாத பொருள் ஒன்றே ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து திரும்புவோரிடம் இந்திய விமான நிலையத்தில் அதன் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையேல் ஆறு நாள்வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 2016இலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று விதி மாறியிருக்கிறது. ஆகவே செலவழுங்கி நிற்பவர்களும் தயங்காமல் இப்போதே போட்டுக்கொள்ளலாம். பயணம் எத்தனை வருஷம் தள்ளிப்போனாலும் ஊசி வீணாகாது.