ஃபேனை நிறுத்துங்கள், பிறகு காதைச் சோதியுங்கள்

யூடியூபில் ஒலிச் சோதனை ஒன்றை ஹெட்போனில் கேட்டேன். 14,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே விழவில்லை. வயது 43தான். காது போய்விட்டதா?
(வாசகர், ஓசூர்)

போகவில்லை. 20,000 ஹெர்ட்ஸ் என்பது சின்ன வயதுச் சொத்து. வயது ஏற ஏற மேல்முனையிலிருந்துதான் கரையும். நாற்பதுகளில் 14,000 வரை கேட்பது சகஜம். பிரிட்டனில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் 2005-இல் ‘மஸ்கிட்டோ’ என்றொரு கருவியைக் கொண்டுவந்தார். கடை வாசலில் கூட்டம் போடும் பதின்வயதினரைக் கலைக்க, 17,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலி எழுப்பும். பிள்ளைகள் முகம் சுளித்து நகர்வார்கள். உள்ளே இருக்கும் கடைக்காரருக்குப் பெரும்பாலும் கேட்கவே கேட்காது. உங்களிடமிருந்து விடைபெற்றிருப்பது அந்தப் பகுதிதான். மருத்துவமனையில் வழக்கமாகச் சோதிப்பது 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை. பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையானது எல்லாம் அதற்குள் இருக்கிறது.

இன்னொன்று: வீடியோவின் ஒலியைச் சுருக்கும்போது உச்ச ஒலிகளை வெட்டிவிடுவது உண்டு. கேட்காததற்கெல்லாம் காதைக் குற்றம் சொல்லாதீர்கள்.

மருத்துவமனையிலும் ஹெட்போன் மாட்டித்தானே சோதிக்கிறார்கள்? அதையே வீட்டில் செய்தால் என்ன?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்)

பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே கணக்கு வேறு. அங்கே ‘0 டெசிபல்’ என்பது ஆரோக்கியமான இளம் காதுகளுக்குச் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய ஒலி. கருவி அந்த அளவோடு பொருந்துகிறதா என்று அவ்வப்போது சரிபார்ப்பார்கள். ஒலி கேட்டு நீங்கள் பொத்தானை அழுத்தினால் 10 டெசிபல் இறக்குவார்கள். கேட்காவிட்டால் 5 ஏற்றுவார்கள். இப்படி ஏற்றி இறக்கித்தான் உங்கள் எல்லையைப் பிடிக்கிறார்கள். உங்கள் போனில் பாதி வால்யூம் என்றால் எத்தனை டெசிபல்? ஒரு ஹெட்போனில் ஓர் அளவு, இன்னொன்றில் வேறு.

இதற்கு பெல்ஜியத்தின் ஒலிப் பொறியாளர் ஸ்டெஃபான் பிஜோன் தன் இணையச் சோதனையில் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார். இரண்டு உள்ளங்கைகளையும் மூக்குக்கு நேரே பிடித்து, வேகமாக, அழுத்தித் தேய்க்க வேண்டும். அந்த ‘சரக் சரக்’ எவ்வளவு சத்தமோ, ஹெட்போனில் வரும் மாதிரி ஒலியும் அதே சத்தத்தில் கேட்கும்படி வால்யூமை வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடவே கூடாது. துல்லியம் வராது, ஆனால் குத்துமதிப்பைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த எதிரி மின்விசிறி. அதன் உறுமல் 250, 500 ஹெர்ட்ஸ் ஒலிகளை மூடிவிடும். தாழ்ந்த ஒலிகள் கேட்கவில்லை என்று ஆப் சொன்னால், முதலில் அண்ணாந்து பாருங்கள்.

சரி, வீட்டில் செய்வதற்கு எதுதான் உருப்படி?
(வாசகர், நாகர்கோவில்)

இரைச்சலுக்கு நடுவே எண்களைக் கேட்கும் சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘ஹியர்டபிள்யூஹெச்ஓ’ என்ற இலவச ஆப்பாக அதைக் கொண்டுவந்தது. இரைச்சலுக்கிடையே மூன்று மூன்றாக எண்கள் வரும். கேட்டதைத் தட்ட வேண்டும். எண் இரைச்சலைவிட எவ்வளவு தூக்கலாக இருந்தால் பிடிபடுகிறது என்பதுதான் கணக்கு. வால்யூம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மோசமில்லை. எண்கள் ஆங்கிலத்தில் வருமே என்று தயங்க வேண்டாம். ஆங்கிலம் படிக்காதவர்களும் போன் நம்பரை ‘நைன் எய்ட் ஃபோர்’ என்றுதானே சொல்கிறார்கள்!

ஒரு பெரிய ஓட்டை உண்டு. இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் என்பதால், எந்தக் காதில் குறை என்று அது சொல்லாது. ஆகவே காதுகளைத் தனித்தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள். போன் செட்டிங்கில் ‘மோனோ ஆடியோ’வைப் போட்டு, தலையில் மாட்டும் ஹெட்போனில் ஒரு பேச்சை மெல்லிய ஒலியில் ஓடவிடுங்கள். இடப்பக்கம் மங்கலா? ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள். மங்கல் வலப்பக்கம் போனால் ஹெட்போனில் கோளாறு. இடக் காதிலேயே நின்றால் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

எனக்கு எல்லாம் கேட்கிறது. மனைவிதான் ‘உங்களுக்குக் காது மந்தம்’ என்கிறார்.
(வாசகர், சேலம்)

அவர் சொல்வதை நம்புங்கள். உயர்ந்த ஒலிகள் முதலில் குறையும்போது சத்தம் காதில் விழும், சொல் பிடிபடாது. உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலிகள் என்பதால் தப்பிவிடும். ‘ஸ’, ‘ஷ’, ‘த’ போன்றவை நழுவும். அதனால் ‘கேட்கவில்லை’ என்று உங்களுக்குத் தோன்றாது, ‘அவள் முணுமுணுக்கிறாள்’ என்றுதான் தோன்றும். குழந்தைகள், பெண்களின் குரலில் சிக்கல் முதலில் தெரியும். சோதனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்; பாதி விவரம் அவரிடம்தான் இருக்கிறது.

சோதனைக்கு முன் பட்ஸ் போட்டுச் சுத்தம் செய்யலாமா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

வேண்டாம். குறும்பி உள்ளேதான் போகும். பாட்டுக் கேட்கும் இயர்பட்ஸின் வலையைத் துடையுங்கள், அது போதும்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ஆப்பில் சோதித்துப் பார்க்கலாமா?
(வாசகி, புதுச்சேரி)

ஆப்பைத் திறக்காதீர்கள், அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் கிளம்புங்கள். குறும்பி அடைப்பாக இருந்தால் நல்லது. உள்காதின் திடீர் செவித்திறன் இழப்பாக இருந்தால், ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ‘சளி பிடித்திருக்கும், தானாகச் சரியாகும்’ என்று இரண்டு வாரம் ஓட்டிவிட்டு வருபவர்களைப் பார்த்தால் மனசு ஆறாது.

போகும் வழியில் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். கேட்காத காதில் ஓங்கி ஒலித்தால் அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் ஒலித்தால் உள்காது, நரம்புப் பக்கம் சந்தேகம். நெற்றியில் இசைக்கவை வைத்து டாக்டர்கள் பார்க்கும் வெபர் சோதனையின் எளிய வடிவம் இது. டாக்டரிடம் சொல்லத்தான் இந்த விவரம். இதை வைத்துப் பயணத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இரண்டு வயதுப் பேரனுக்கு ஹெட்போன் மாட்டிச் சோதிக்கலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

கூடாது. கேட்டதா இல்லையா என்று அவன் எப்படிச் சொல்வான்? ஓ.ஏ.ஈ., பெரா என்ற சோதனைகளுக்குக் குழந்தையின் பதிலே தேவையில்லை. தூங்கும்போதே எடுக்கலாம், பிறந்த குழந்தைக்கும் எடுக்கலாம். பேச்சு தாமதமானால் ‘அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று காத்திருக்காதீர்கள். காதில் பெருங்குறை என்று தெரிந்தால், சிறு குழந்தைகளுக்கான காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே உண்டு. அதில் வயது முக்கியம்.

விசைத்தறி ஓட்டுகிறேன். ஆப்பில் 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளம் காட்டுகிறது. ஹெட்போன் கோளாறா?
(வாசகர், பள்ளிபாளையம்)

இருக்கலாம். ஆனால் இரைச்சல் முதலில் கைவைப்பது பெரும்பாலும் அந்த 4,000-இன் பக்கம்தான். தறிச் சத்தத்தில் இருப்பவர் அதை அலட்சியம் செய்யக் கூடாது. முறையான ஆடியோகிராம் எடுங்கள். ஷிஃப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள். இரைச்சலில் களைத்த காது தற்காலிகமாக மந்தமாகும், முடிவு உள்ளதைவிட மோசமாக வரும். விடுமுறை நாள் கழிந்த மறுநாள் காலை, தறிக்கூடத்துக்குள் நுழையும் முன் போவது நல்லது. எத்தனை வருடமாகத் தறியில் இருக்கிறீர்கள், காதில் ‘ங்ஙொய்’ என்ற இரைச்சல் உண்டா என்பதையும் சொல்லுங்கள். அதுவரை காதடைப்பான் போடாமல் தறிக்கு முன் நிற்காதீர்கள், பக்கத்துத் தறிக்காரருக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.