அறுகோணத்துக்குள்ள எங்கூரு

ஏங்கண்ணு, காலேஜுல பூகோளம் படிக்கறயாமா? நல்லது. நம்மூர்ப் புள்ளைங்க பாதி கம்ப்யூட்டர்ங்குது, மீதி நர்சுங்குது. நீ ஒருத்தியாவது ஊரு எங்க இருக்குதுன்னு படிக்கறயே, அந்த மட்டுக்கும் சந்தோசம். போன லீவுல புஸ்தகத்த ஆசாரத்துத் திண்ணையில போட்டுட்டுத் தூங்கிட்டே. கண்ணாடிய மாட்டிக்கிட்டு நான் படிச்சுப்போட்டேன். கெழவனுக்கு வேற என்ன வேலை?

மானிடப் புவியியல்னு பேரு. மனுசன் எங்க குடியிருக்கறான், ஏன் அங்கயே இருக்கறான், ஏன் ஒரு நாள் மூட்டையக் கட்டறான்ங்கற கணக்கு. எந்தப் பக்கத்தப் பொரட்டினாலும் தூரம், தூரம்னே பேசுது. கால்ல வாதம் வந்தவனுக்குத் தூரத்தப் பத்திப் பாடம் எடுக்கறாங்க பாரு!

அதுல தூனென்னு ஒரு ஜெர்மன்காரரு வர்றாரு. எனக்கு அந்தாள ரொம்பப் புடிச்சுப்போச்சு. நம்மளாட்டப் பண்ணையக்காரரு, டெல்லோங்கற ஊர்ல. கூலி என்ன, தீவனம் என்னன்னு ஒண்ணுவிடாமக் கணக்கு எழுதி வெச்சு, 1826-ல புஸ்தகமாப் போட்டாரு. நடுவுல ஒரு பட்டணம். கெட்டுப்போற பாலும் காய்கறியும் பட்டணத்து ஓரத்துல. அடுத்த வளையத்துல வெறகுக் காடு, ஏன்னா வெறகு கனம். அதுக்கும் அக்கட்டால தானியம். கடைசி வளையத்துல ஆடுமாடு. அது தன் கால்லயே சந்தைக்கு நடந்து வந்துரும், வண்டிக்கூலி மிச்சம். தானிய வண்டிய இழுக்கற குதிரை போற வழியில திங்கற தானியத்தயும் அவரு கணக்குல சேத்தாரு கண்ணு. ரொம்பத் தூரமாப் போச்சுன்னா பட்டணம் போயிச் சேரங்காட்டி குதிரையே பாரத்தத் தின்னு தீத்துப்போடும். பண்ணையம் பண்ணாதவனுக்கு இந்தக் கணக்கு வருமா?

இன்னிக்கு அந்த வளையம் கலைஞ்சுபோச்சு. ஈரோட்டுப் பாலு குளுரு டேங்கர்ல மெட்ராசுக்குப் போவுது, ஒட்டன்சத்திரத்துக் காய் ராவோட ராவாக் கேரளத்துக்குப் போவுது. ஆனா கணக்கு கலையல. தக்காளி வெல சரிஞ்சா, பறிக்கற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாதுன்னு காட்டோட விட்டுடறோமே, அது தூனென் கணக்கேதான்.

அடுத்தவரு கிறிஸ்டாலர், 1933. தென் ஜெர்மனிய வெச்சுக்கிட்டு, ஊருக்கெல்லாம் தேன்கூடாட்டம் அறுகோணம் போட்டாரு. உப்பு, தீப்பெட்டி விக்கறவனுக்கு ஒரு ஊருச் சனம் போதும். நகைக்கடைக்குச் சுத்துப்பட்டு ஊரெல்லாம் வேணும். அதனால சின்ன ஊரு நெறைய, பெரிய ஊரு கம்மிங்கறாரு. நெசந்தான். காபித்தூளுக்குத் தெருமுக்கு, கல்யாணச் சேலைக்குக் கோயமுத்தூர். ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைக்குக் குதிரை வாங்க வெளி மாநிலத்துல இருந்தெல்லாம் வர்றாங்களே, தெனம் குதிரை வாங்கறவன் ஆரு?

ஆனா அறுகோணம் கோணாம நிக்கோணும்னா, பூமி சமதளமா இருக்கோணுமாம், எல்லார் மடியிலயும் ஒரே மாதிரி காசு இருக்கோணுமாம், அவனவன் கிட்டத்துல இருக்கற கடைக்குத்தான் போவானாம். கண்ணு, எங்கூர்ல எவன் கிட்டத்துக் கடைக்குப் போறான்? அங்க பழைய பாக்கி நிக்குதே! கையில காசு வந்த அன்னிக்கு ரெண்டு ஊரு தாண்டிப் போயித்தான் சாமான் வாங்குவான். இதுக்குக் கோடு போட கிறிஸ்டாலருக்குத் தெரியாது, மளிகைக்கடைக்காரனுக்குத் தெரியும்.

ரேவன்ஸ்டீன்னு இன்னொருத்தரு, பொறந்தது ஜெர்மனி, பொழச்சது இங்கிலாந்து. 1885-ல சென்சசக் கிளறி இடப்பெயர்வுக்கு விதி எழுதினாரு. பெரும்பாலும் சனங்க கிட்டத்துக்குத்தான் போவாங்க, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு எதிர் ஓட்டம் உண்டு, கிட்டத்து ஓட்டத்துல ஆம்பளைய விடப் பொம்பளைங்கதான் எச்சா. நம்ம நாட்டு 2011 சென்சசுல ஊரு மாறினவங்க 45 கோடிக்கு மேல. அதுல பெரும்பாலான பொம்பளைங்க சொன்ன காரணம் கல்யாணம். உன்ற அம்மாயி நாலு ஊரு தள்ளி இருந்து இந்த ஊட்டுக்கு வந்தது ஓட்டம். கோவிச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போனது எதிர் ஓட்டம். நான் பின்னாலயே போயிக் கூட்டியாந்தது என்னன்னு புஸ்தகத்துல இல்ல. ஊரு விட்டு ஊரு போனவன்னாத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வர்ற ஒடிசாக்காரப் பையன் மட்டுந்தான் நெனப்பு வருது நமக்கு. வந்தேறின்னு திட்டறவன் ஊட்டு அடுப்படியில நிக்கற மருமகளும் வேற ஊர்க்காரிதான், அவ எந்தக் கணக்குல சேத்தி?

கடைசியா டோப்லர். 1970-ல அவரு சொன்ன விதி, தூரத்துல இருக்கறத விடக் கிட்ட இருக்கறது எச்சா ஒட்டுங்கறது. இங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வரப்புத் தகராறுல பக்கத்துத் தோட்டத்துக்காரனோட பேசறதில்ல, அமெரிக்காவுல இருக்கற பையனோட தெனமும் வீடியோவுல பழமை.

சிரிச்சு முடிச்சுட்டு, நோட்டுக்குள்ள மடிச்சு வெச்சிருந்த உன்ற படத்தப் பாத்தேன். நம்மூர வரைஞ்சிருக்கறே. மாரியம்மன் கோயலு, ரேசன் கடை, பால் சொசைட்டி, பஸ் ஸ்டாப்பு. கீழ, ‘குழுமிய குடியிருப்பு’ன்னு எழுத்து முத்து முத்தா. குழுமினது ஆரு கண்ணு? வாய்க்காலுக்கு அக்கட்டால காலனி இருக்குதே, அத ஏன் விட்டுப்போட்டே? தாளு பத்தலயா?

ஒரு பீடி தீர்றதுக்குள்ள நடந்து போயிரலாம். நம்ம ஊட்டாளு ஒருத்தராவது அங்க ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிருப்பாங்களா? அவங்க நம்ம வீதியில செருப்புப் போட்டு நடக்கறதுக்கு எத்தனை தலைமொறையாச்சு? டீக்கடையில ரெண்டு டம்ளர் இருந்த காலத்துல, ரெண்டு டம்ளருக்கும் நடுவால எத்தனை மைலு? மதுரைப் பக்கம் உத்தப்புரத்துல 1989-ல ஊருக்கும் காலனிக்கும் நடுவால ஒரு சுவரு எழுப்புனாங்க. 2008-ல அதுல ஒரு பாகத்த இடிச்சுத்தான் வழி விட்டாங்க. சுவத்துக்கு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகக் குதிரைக்கு ஒரு வாய் தானியங்கூட வேண்டாம். டோப்லரு விதியக் கொண்டுபோயி அங்க வெச்சுப் பாரு.

அதனால படத்தத் திருத்து. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எத்தன ஊடு, பஸ்சு அங்க நிக்குமா, தண்ணி எந்தக் கொழாயில வருது, சாவு உழுந்தாச் சுடுகாட்டுக்கு எந்த வழியாத் தூக்கிட்டுப் போறாங்க, எல்லாத்தயும் கோட்டுல போடு. நேரமில்லீன்னு சொல்லாத, ரீல்சு பாக்க நேரமிருக்குது. வாத்தியாரு கேட்டா அப்புச்சி சொன்னாருன்னு தாராளமாச் சொல்லு. உங்கப்பன் கேட்டா மட்டும் நீயாப் போட்டதுன்னு சொல்லிப்போடு சாமி.