கெடு நீட்டிய சாமி

அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கும் மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 1978-இல் ஹவாயில் பிடித்த கிறுக்கு, மயிலாடுதுறை வரை வந்துவிட்டது.

நம்மூர் வீரரின் நீச்சல் மேட்டூர் கையில். ஜூன் 12-இல் அணையைத் திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் வேகம், அவர் ஓடுகிற வேகம்தான். அதுவரை காவிரி மணலில் நடைப்பயிற்சி. சைக்கிளுக்குத் தரங்கம்பாடி சாலை. மூன்று தரம் போய்வந்தால் கணக்கு ஏறக்குறைய சரி. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் ஆடு. ஓட்டத்தைப் பார்த்த டீக்கடைக்காரர், "பஸ்ஸ விட்டுட்டீங்களாண்ணே?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

பந்தயத்துக்கு 17 மணி நேரக் கெடு. ஒரு நொடி தாண்டினாலும் பதக்கம் கிடையாது. இந்த ஊர்ச் சாமி அவ்வளவு கறார் இல்லை. ஐப்பசிக் கடைசி நாளில் காவிரியில் முழுகும் கடைமுகத்துக்கு நேரத்தில் வந்து சேர முடியாத முடவனுக்காக ஒரு நாள் நீட்டிக் கொடுத்து, கார்த்திகை முதல் தேதியில் முழுகினாலும் அதே பலன் என்றார்.

வீரர் இப்போது பந்தய அமைப்பாளருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். நகல்: அருள்மிகு மாயூரநாதர்.