பங்கு வாங்கிய ஊர்

கேள்வி: ஜெனரல் மோட்டார்ஸை அமெரிக்க அரசு தூக்கி நிறுத்தியதுபோல, நொடித்த நிறுவனங்களுக்கு மக்கள் வரிப்பணத்தைக் கொடுப்பது சரியா? (ஒரு வாசகர், ஹம்பேர்க்)

பதில்: கொடுக்கலாம், ஆனால் பங்கு வாங்கிக்கொண்டு பொறுமையாகவும் இருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸில் சுமார் 4,950 கோடி டாலர் போட்ட வாஷிங்டன் வேலைகளைக் காத்தது. ஆனால் 2013 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்றபோது சுமார் 1,000 கோடி நட்டம். உங்கள் ஊரோ 2009இல் ஹபாக்-லாய்ட் கப்பல் நிறுவனத்தில் பங்கு வாங்கியது. அந்த நிறுவனத்தின் சுமார் 13.9 சதவீதத்தை விடாமல் வைத்திருந்ததால், 2022ஆம் ஆண்டு லாபத்துக்குப் பங்கொன்றுக்கு 63 யூரோ ஈவுத்தொகை பெற்றது. கொரோனா காலக் கப்பல் கட்டண உயர்வு தந்த அதிர்ஷ்டம்தானே என்பார்கள். உண்மைதான், ஆனால் அதிர்ஷ்டம் பங்குதாரர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். எச்எஸ்எச் நோர்ட்பாங்க் மீட்பில் இதே ஊர் பல நூறு கோடி யூரோ இழந்ததே என்றால், அது கப்பல்களுக்குக் கண்மூடிக் கடன் கொடுத்த வங்கி. நல்ல தொழில் தடுமாறினால் அரசு கைகொடுக்கட்டும். சூதாட்டத்துக்கு ஒரு காசும் வேண்டாம்.